பங்கு வேறு, சம்பளம் வேறு: பனியன் கம்பெனிக்குத் திரும்பிய தங்கைக்கு

கேள்வி: எனக்கு வயது 38. திருப்பூர் 15.வேலம்பாளையத்தில் அப்பா ஆரம்பித்த பனியன் கம்பெனி. 40 மெஷின், உள்நாட்டு டி-ஷர்ட் ஆர்டர்தான். அப்பாவும் அண்ணனும் பாதிப்பாதி பார்ட்னர். 14 மாதம் முன்பு அப்பா தவறிவிட்டார், உயில் எழுதவில்லை. புதுப் பத்திரத்தில் அண்ணனுக்கு 60, எனக்கு 25, அம்மாவுக்கு 15 சதவீதம் என்று போட்டார்கள். நான் பி.காம். முடித்து 3 வருடம் தனியார் வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் இருந்தேன். கல்யாணமாகி கோபிக்குப் போய் 5 வருடம் மெட்ரிக் பள்ளியில் கணக்குப்பதிவியல் எடுத்தேன். திரும்ப இங்கே வந்து 4 வருடம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஆர்டரை ஆரம்பம் முதல் அனுப்புவது வரை பார்க்கும் வேலை. இப்போது தினமும் பத்து மணிக்குக் கம்பெனிக்குப் போகிறேன். எனக்கென்று வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. “நீ எந்த எடத்துலயும் நெலையா நிக்கலயே அம்மணி. லாபம் வந்தா உன்ற பங்கு வந்துரும், கையெழுத்து மட்டும் போடு” என்கிறார் அண்ணன். 80 லட்சம் ரூபாய் வரை எடுத்துத் திருப்பிக் கட்டும் சி.சி. (கேஷ் கிரெடிட்) கடனைப் புதுப்பிக்க வங்கி என் சொந்த ஜாமீனைக் கேட்கிறது. பழைய எக்ஸ்போர்ட் கம்பெனி மாதம் 45,000 ரூபாய்க்கு மறுபடி கூப்பிடுகிறது. வீட்டுக்காரரோ, “உன் பேரில் தனியாக 10 மெஷின் போட்டுக்கலாம்” என்கிறார். சம்பளம் கேட்டால் அண்ணன் மனசு விட்டுப் போகுமோ என்று பயமாக இருக்கிறது. 12 வருடத்தை வீணாக்கிவிட்டேனா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கெடு இருக்கிற விஷயத்தை முதலில் பேசிவிடலாம். வங்கி கேட்கும் ஜாமீனில் இந்த வாரம் கையெழுத்துப் போட வேண்டாம். முடியாது என்றும் சொல்ல வேண்டாம். பத்திரத்தைச் சரிசெய்துவிட்டுப் போடுகிறேன் என்று சொல்லி இரண்டு மூன்று வாரம் அவகாசம் கேளுங்கள்.

பார்ட்னராக இருப்பதாலேயே, நீங்கள் சேர்ந்த நாளுக்குப் பிறகு கம்பெனி வாங்கும் கடனுக்கு மூவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. 25 சதவீதப் பங்கு என்பதால் கடனிலும் 25 சதவீதம்தான் என்று இருந்துவிடாதீர்கள். முழுக்கடனையும் உங்கள் ஒருவரிடமே வசூலிக்க வங்கிக்கு வழியுண்டு. கம்பெனிப் பக்கமே வராத அம்மாவுக்கும் இதே நிலைதான். ஜாமீன் இதற்கும் ஒரு படி மேல். நாளைக்கே நீங்கள் பார்ட்னர்ஷிப்பிலிருந்து விலகினாலும் ஏற்கெனவே வாங்கிய கடனுக்கான ஜாமீன் உங்களைத் தொடரும். வங்கி எழுத்தில் விடுவித்தால்தான் உண்டு. கடன் பிரிவில் இருந்தபோது இந்தப் படிவத்தில் எத்தனையோ பேரிடம் கையெழுத்து வாங்கியிருப்பீர்கள். இப்போது நீங்கள் மேசைக்கு இந்தப் பக்கம். கடனை அனுமதிக்கும் சாங்ஷன் கடிதத்தின் நகலை வாங்கி, ஜாமீன் 80 லட்சத்தோடு நிற்கிறதா, இல்லை இனி கொடுக்கப்போகும் எல்லாக் கடனுக்கும் என்று திறந்து கிடக்கிறதா என்று பாருங்கள். அடமானத்தில் இருக்கும் சொத்து இன்னும் அப்பா பெயரிலேயே கிடக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பங்கு. 60, 25 என்று நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் ஒரு மனத்தாங்கல் தெரிகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். உயில் இல்லாமல் தந்தை இறந்தால் அவருடைய சொந்தச் சொத்து மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் போகும். அப்பாவின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு சம பங்கு உண்டு. பல குடும்பங்களில் பாட்டியை மறந்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் மூவர்தான் என்று வைத்தால், அப்பாவின் 50-ல் ஆளுக்கு 16.67. அண்ணனுக்கு ஏற்கெனவே இருக்கும் 50-ஐச் சேர்த்தால் 66.67. ஆக அண்ணன் தன்னுடையதில் 6.67-ஐயும் அம்மா தன்னுடையதில் 1.67-ஐயும் விட்டுக்கொடுத்துத்தான் உங்கள் பங்கு 25 ஆகியிருக்கிறது. சீர் செய்தாகிவிட்டது, பொண்ணுக்கு எதற்குப் பங்கு என்று பேசுகிற உறவுக்காரர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். சீர் செய்ததால் மகளின் வாரிசுரிமை போய்விடாது என்பதுதான் சட்டம். ஆனால் உங்கள் அண்ணன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சம்பளம் பற்றிப் பேசப்போகும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள், உங்கள் குரலே வேறு மாதிரி இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பத்திரத்தில் இருப்பது லாபம் பிரிக்கும் விகிதம். தொழிலில் போட்ட முதல் (கேப்பிட்டல்) அதே விகிதத்தில்தான் இருக்கும் என்பதில்லை. அப்பா இறந்த தேதியன்று அவருடைய கேப்பிட்டல் கணக்கில் எவ்வளவு இருந்தது, அது யார் யார் கணக்குக்கு எவ்வளவு மாற்றப்பட்டது என்று ஆடிட்டரிடம் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான தகராறு பத்து வருடம் கழித்து இந்த ஒரு வரியில்தான் வெடிக்கிறது. கம்பெனி இருக்கும் இடமும் கட்டடமும் யார் பெயரில் என்பது அடுத்தது. அப்பா தன் பெயரில் வாங்கிய இடத்தில், கம்பெனி சொத்தாகக் கணக்கில் கொண்டுவராமல் தொழில் மட்டும் நடத்தியிருந்தால், இடம் பார்ட்னர்ஷிப்பில் சேராது. மூன்று வாரிசுகளுக்கும் சமம். அப்படியானால் கம்பெனி உங்கள் மூவருக்கும் வாடகை கொடுக்க வேண்டும், ஒப்பந்தமும் வேண்டும். வாடகை வாங்குகிறவர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால், 2024 அக்டோபரிலிருந்து வாடகைக்கான ஜிஎஸ்டியைக் கம்பெனியே கட்டிக் கிரெடிட் (தன் ஜிஎஸ்டியில் கழிவு) எடுத்துக்கொள்ளும் முறை வந்திருக்கிறது. இன்னொன்று, இரண்டே பேர் இருந்த பார்ட்னர்ஷிப்பில் ஒருவர் இறந்தால் அந்தப் பார்ட்னர்ஷிப் அன்றோடு கலைந்துவிடுகிறது; பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் ஒருவர் மட்டும் பார்ட்னராக இருக்க முடியாது. பான் (PAN) எண், ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு மூன்றையும் எப்படிக் கையாண்டார்கள் என்று ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். புதுப் பத்திரம் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவில்லாத பார்ட்னர்ஷிப், பணம் தராத பார்ட்டி மேல் வழக்குப் போட முடியாது. பதிவேட்டில் உங்கள் மூவர் பெயரும் இருக்க வேண்டும்.

இனி 12 வருடம். வீணாகவில்லை. ஆனால் அண்ணன் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் அவர் அவருக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் சொல்கிறார். கல்கத்தா பார்ட்டி போனில் “அனுப்பிவிடுங்கள்” என்று இழுத்தால் பணம் எப்போது வரும் என்று அவருக்குக் குரலிலேயே தெரியும். துணியைக் கையில் பிடித்தால் காம்பேக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்திப் பதப்படுத்துவது) சரியாக ஓடியதா என்று சொல்லிவிடுவார். எந்தப் பவர்டேபிள் (தையல்) கான்ட்ராக்டர் தீபாவளிக்கு முன்னால் ஆளைக் கூட்டிக்கொண்டு கிளம்புவார் என்பதும் தெரியும். இவை ஒரே இடத்தில் நின்றால் மட்டும் வருவன. உங்களிடம் இருப்பது அவரிடம் இல்லாதவை. அவை எங்கே பொருந்தும் என்று நீங்களே காட்டாதவரை அவருக்குத் தெரிய வழியில்லை.

ஒரே வேலையில் நிற்காததைக் குறையாகப் பார்க்கும் வழக்கம் கொங்கு நாட்டுக்குப் பழையதும் அல்ல. கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொடங்கியவர். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் செய்தார். நம் பண்ணையத்திலும் ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் சோளத்தட்டு, தொண்டுப்பட்டியில் நாலு எருமை என்றுதான் இருந்தது. ஒன்று போனால் ஒன்று தாங்கும்.

அதனால் முதல் வேலை, பத்து மணிக்குப் போவதை நிறுத்துவது. ஷிப்ட் ஆரம்பிக்கும் எட்டரைக்கு அங்கே இருங்கள். பத்து மணிக்கு வருகிறவரை மாஸ்டரும் டெய்லரும் விருந்தாளியாகத்தான் பார்ப்பார்கள். மூன்று மாதம் யாருக்கும் எந்த உத்தரவும் போடாமல், நூல் வருவதிலிருந்து பெட்டி கட்டுவது வரை ஒவ்வொரு கட்டத்திலும் உட்காருங்கள். நூலுக்கும் நிட்டிங்குக்கும் இரண்டு வாரம், டையிங்குக்கும் காம்பேக்டிங்குக்கும் இரண்டு வாரம். கட்டிங்கில் மூன்று வாரம் இருங்கள், பணம் அங்கேதான் கசிகிறது. ஸ்டிச்சிங்கில் மூன்று வாரம். செக்கிங், அயர்ன், பேக்கிங்குக்கு மீதி நாள். கையில் ஒரு நோட்டு. ஒவ்வொரு இடத்திலும் உள்ளே வந்தது, வெளியே போனது, கழிந்தது. இந்த மூன்று எண்ணையும் லாட் (ஒரே தடவையில் வந்த தொகுதி) வாரியாக எழுதுங்கள். கட்டிங் வரை கிலோ, அதற்குப் பிறகு பீஸ். கிலோ பீஸாக மாறும் இடத்தில் கணக்கு இணையாது. அந்த இடைவெளியைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும்.

ஒரு உதாரணம். 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) சிங்கிள் ஜெர்சி துணி, ஆண்கள் ரவுண்ட் நெக். உடல் நீளம் 72 செ.மீ., கை 22, மடிப்புக்கும் தையலுக்கும் 10, ஆக 104. அரை மார்பு 54, தையலுக்கு 4, ஆக 58. இரண்டையும் பெருக்கி, முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டால் பெருக்கினால் 12,064 சதுர செ.மீ. அதை 160-ஆல் பெருக்கிப் பத்தாயிரத்தால் வகுத்தால் 193 கிராம். கழுத்து ரிப்புக்கும் வெட்டுக் கழிவுக்கும் 10 சதவீதம் சேர்த்தால் 212. சாயத்திலும் காம்பேக்டிங்கிலும் 7 சதவீதம் போகும் என்று வைத்தால் நூலாக 228 கிராம் வேண்டும். 5,000 பீசுக்கு 1,140 கிலோ. இதை மெர்ச்சண்டைசராக நூறு தடவை போட்டிருப்பீர்கள். பல உள்நாட்டுக் கம்பெனிகளில் இது “கிலோவுக்கு இத்தனை பீஸ் வரும்” என்ற அனுபவக் கணக்காக ஓனர் தலையில் மட்டும் இருக்கிறது.

இப்போது கட்டிங் டேபிளுக்கு வாருங்கள். துணியைக் குறைந்தது 24 மணி நேரம் ஆறவிட்ட பிறகு, ரோலின் இரண்டு இடத்தில் ஜிஎஸ்எம் கட்டரை வைத்து வட்டம் எடுங்கள். அந்த வட்டம் 100 சதுர செ.மீ. சின்னத் தராசில் 1.60 கிராம் காட்டினால் 160 ஜிஎஸ்எம். 1.68 காட்டினால் 168. கண்ணுக்கும் கைக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் அதே 5,000 பீசுக்கு 5 சதவீதம், அதாவது 57 கிலோ நூல் கூடுதல். நூல், நிட்டிங், சாயம் எல்லாம் சேர்த்துக் கிலோ 400 ரூபாய் என்று வைத்தால் 22,800 ரூபாய், பீசுக்கு நாலரை ரூபாய்க்கு மேல். விலை பேசும்போது எட்டணாவுக்கு அரை மணி நேரம் பேசியிருப்பார் உங்கள் அண்ணன். ரோல் ஆறியதும் வட்டம் எடுத்துப் பார்த்திருந்தால் வெட்டுவதற்கு முன்பே காம்பேக்டிங்காரரிடம் பேசியிருக்கலாம். வெட்டிய பிறகு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். லாட் மாறிய நூலைச் சேர்த்து ஓட்டினால் சாயத்துக்குப் பிறகு பட்டை பட்டையாகத் தெரிவதும் இப்படித்தான், குடோனில் கோன் பெட்டி மேல் லாட் எண்ணைப் பார்க்க ஒரு நிமிடம் செலவழிக்காததால் வருவது. கட் வேஸ்ட்டை எடைபோட்டு விற்கிறார்கள் அல்லவா, அந்த எடையை ஆர்டர் வாரியாக எழுதச் சொல்லுங்கள். யாரும் எழுதுவதில்லை.

பள்ளிக்கூட வருடங்களை நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அவை பெரிதாகப் படுகின்றன. பிளஸ் 1 பிள்ளைக்குப் பற்று வரவு புரிய வைத்தவரால் அளவுச் சார்ட்டைத் தமிழிலும் இந்தியிலும் எழுதிச் சுவரில் ஒட்ட முடியும். ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் பையனுக்கு எது ஆல்ட்டர் (திருத்தக்கூடியது), எது டேமேஜ் (கழிக்க வேண்டியது) என்று பத்து நிமிடத்தில் பீஸை வைத்தே காட்ட முடியும். திருப்பூரில் வேலை தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், சொல்லித்தரத் தெரிந்தவர்கள் குறைவு. செக்கிங்கிலும் கைமடித்தலிலும் புதிதாகச் சேரும் ஆட்களை முதல் வாரம் நீங்கள் பாருங்கள்.

அனுபவத்தில் மிகவும் பயன்படப்போவது வங்கி. எல்லாரும் அண்ணனை நம்பி விட்டுவிட்ட, ஆனால் அண்ணனுக்கு நேரமில்லாத துறை ஒன்று உங்கள் கம்பெனியில் நிச்சயம் இருக்கும்: வரவேண்டிய பணம். மூன்று மாதம் முடிந்ததும் அதைக் கேட்டு வாங்குங்கள். சரக்கையும் வரவேண்டிய பணத்தையும் வைத்து எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி போடும், உங்களுக்குத் தெரிந்த டிராயிங் பவர் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன், எண்கள் மாதிரிக்குத்தான். சரக்கு 60 லட்சம், அதில் இன்னும் பணம் கொடுக்காத நூல் 20 லட்சம். மீதி 40-ல் 75 சதவீதம் 30 லட்சம். வரவேண்டியது 90 லட்சம், அதில் 90 நாள் தாண்டியது 35 லட்சம், அதை வங்கி கணக்கில் எடுக்காது. மீதி 55-ல் 60 சதவீதம் 33 லட்சம். ஆக 63 லட்சம்தான் எடுக்க முடியும். 80 லட்சம் லிமிட் இருந்தும் 17 லட்சம் பயன்படாமல் கிடக்கும், சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடாவுக்கு வெளியில் வட்டிக்கு வாங்குவார்கள். அந்த 35 லட்சம் மட்டும் வந்துவிட்டால் 10 சதவீத வட்டியில் மாதம் 29,000 ரூபாய் மிச்சம். உங்கள் சம்பளத்தைக் கிட்டத்தட்ட அதுவே கொடுத்துவிடும்.

பார்ட்டி வாரியாக 45 நாளுக்குள், 46 முதல் 90, 90-க்கு மேல் என்று மூன்று கட்டம் போட்ட தாளை ஒவ்வொரு திங்கட்கிழமையும் அண்ணன் மேசையில் வையுங்கள். போன் பண்ணுவது அவர்தான், பார்ட்டிகளோடு உள்ள உறவு அவருடையது. யாருக்கு, எந்தப் பில்லுக்கு, என்ன தேதிக்குள் என்று எழுதிக் கொடுப்பது உங்கள் வேலை. ஏஜென்ட் கமிஷனைப் பில் போட்டதும் கொடுக்காமல் பணம் வந்த பிறகு கொடுப்பதாக மாற்றுங்கள். உத்யம் எண்ணை (சிறுதொழில் பதிவு எண்) ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். குறு, சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் வாங்கியவர் அந்தத் தொகையை, உண்மையில் கொடுக்கும் வருடம் வரை, வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது. அவர்களுடைய ஆடிட்டரே மார்ச் மாதம் அவர்களை நெருக்குவார்.

இப்போது நீங்கள் பயப்படும் சம்பளம். 1932-ம் வருடக் கூட்டாண்மைச் சட்டத்தில், பத்திரத்திலோ பேச்சிலோ ஒத்துக்கொள்ளாவிட்டால் எந்தப் பார்ட்னருக்கும் உழைப்புக்குச் சம்பளம் கிடையாது. அதனால் “லாபம் வந்தால் பங்கு வரும்” என்று அண்ணன் சொல்வது சட்டப்படி சரி. அவரும் 20 வருடமாகச் சம்பளம் இல்லாமல்தான் உழைத்திருக்கக் கூடும், தேவைக்கு எடுத்து டிராயிங்ஸில் (பார்ட்னர் எடுத்த பணம் என்ற கணக்கில்) எழுதியிருப்பார்கள். எனவே உங்களுக்குச் சம்பளம் என்று கேட்காதீர்கள். இருவருக்கும் சம்பளம், அவருக்கு உங்களைவிட அதிகம் என்று கேளுங்கள். இது வெறும் மரியாதைக்காகச் சொல்வதல்ல. வரிக் கணக்கிலேயே அதுதான் லாபம்.

மூலதன வட்டியெல்லாம் கழித்த பிறகு வருட லாபம் 18 லட்சம் என்று வைப்போம். பத்திரத்தில் சம்பள ஷரத்து (நிபந்தனை) இல்லாவிட்டால் கம்பெனி 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 5,61,600 ரூபாய் கட்டும். மீதி 12,38,400. அதில் உங்களுக்கு 3,09,600, அண்ணனுக்கு 7,43,040, அம்மாவுக்கு 1,85,760. ஷரத்து இருந்தால், லாபத்தில் முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதமும் மீதிக்கு 60 சதவீதமும், அதாவது 5.40 லட்சமும் 7.20 லட்சமும் சேர்த்து 12.60 லட்சம் வரை உழைக்கும் பார்ட்னர்களுக்குச் சம்பளமாகக் கழிக்கலாம். அண்ணனுக்கு மாதம் 55,000, உங்களுக்கு 35,000 என்றால் வருடம் 10.80 லட்சம், வரம்புக்குள் நிற்கிறது. மீதி 7.20 லட்சத்துக்கு வரி 2,24,640. பிரிக்க நிற்பது 4,95,360. உங்களுக்குச் சம்பளம் 4,20,000, பங்கு 1,23,840, மொத்தம் 5,43,840. அண்ணனுக்கு 6,60,000-மும் 2,97,216-மும் சேர்ந்து 9,57,216. குடும்பத்துக்கு மொத்தமாக 3,36,960 ரூபாய் மிச்சம். லாபப் பங்குக்கு உங்கள் கையில் வரி கிடையாது. வேறு வருமானம் இல்லாவிட்டால், புதிய வரி முறையில் 12 லட்சத்துக்குள் நிற்கும் இந்தச் சம்பளத்துக்கும் இருவரும் கட்ட வேண்டியது இராது. சம்பளமும் வட்டியும் வருடம் 20,000 ரூபாயைத் தாண்டினால் 2025 ஏப்ரல் 1 முதல் கம்பெனி 10 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும்.

ஆனால் இந்தக் கணக்கில் அடிபடுவது யார் என்று பாருங்கள். அம்மாவின் பங்கு 1,85,760-லிருந்து 74,304-க்கு இறங்கிவிடுகிறது. வேலை செய்யாத பார்ட்னருக்குக் கொடுக்கும் சம்பளத்தை வரியில் கழிக்க முடியாது. அண்ணனும் தங்கையும் சம்பளம் போட்டுக்கொண்டு அம்மாவின் காசைக் குறைத்துவிட்டார்கள் என்று நாளைக்கு ஒரு சொல் வரக்கூடாது. அப்பாவின் கேப்பிட்டலில் அம்மாவுக்கு வந்த பகுதிக்கு வட்டி போடுங்கள், 12 சதவீதம் வரை வரியில் கழிக்கலாம். இடத்துக்கு வாடகை வந்தால் அதில் அவர் பங்கு நேராக அவர் கணக்குக்குப் போகட்டும். வட்டிக்கும் பத்திரத்தில் இடம் இருக்க வேண்டும். அம்மாவுக்கு மாதாமாதம் வரும் தொகை குறையாமல் பார்த்துக்கொண்டுதான் உங்கள் இருவரின் சம்பளத்தையும் முடிவு செய்ய வேண்டும். அம்மாவின் எண்ணை முதலில் எழுதுங்கள்.

ஷரத்தில் இரண்டு பேரின் பெயரும், உழைக்கும் பார்ட்னர் என்ற சொல்லும், தொகை அல்லது அதைக் கணக்கிடும் முறையும் வேண்டும். “பார்ட்னர்கள் அவ்வப்போது பேசி முடிவு செய்யும் தொகை” என்று மட்டும் எழுதினால் வரித்துறை ஏற்காது. பின்தேதியிட முடியாது, பத்திரம் எழுதிய நாளிலிருந்துதான் செல்லும். அதே கையோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்துவிடுங்கள். யார் எந்தத் துறை. எந்தத் தொகைக்கு மேல் செக்குக்கு இரண்டு கையெழுத்து. ஒருவர் விலகினால் எத்தனை மாத நோட்டீஸ், பங்கின் மதிப்பை யார் போடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது. விலகும் ஷரத்தை நல்ல நாளில் எழுதுவது அபசகுனம் என்று வீட்டில் சொல்வார்கள். கெட்ட நாளில் எழுதப் பேனா ஓடாது. அண்ணன் பையன் கல்லூரியில் இருந்தால், கம்பெனிக்குள் வருவதற்கு முன் இரண்டு வருடமாவது வெளியில் சம்பளத்துக்கு வேலை பார்த்திருக்க வேண்டும் என்றும் போடுங்கள். உங்கள் பிள்ளைக்கும் அதே விதி.

பேசும் நேரமும் முக்கியம். சனிக்கிழமை மாலை வேண்டாம், பட்டுவாடா தலைக்கு மேல் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அண்ணி முன்னாலும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா வீட்டில், அம்மா பக்கத்தில் இருக்க, மேலே உள்ள கணக்கை உங்கள் கம்பெனியின் உண்மையான எண்களில் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். தாய்மாமனைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றும். முதல் தடவையே கூப்பிட்டால் அது பஞ்சாயத்தாகிவிடும். ஆடிட்டரை வைத்துப் பேசுங்கள். “அண்ணா, நீங்க இல்லாம இந்தக் கம்பெனி இல்லீங்க. நீங்க பார்க்க நேரமில்லாததை நான் பார்க்கறேன், ஒரு வருசம் குடுங்க” என்று தொடங்குங்கள். தளத்தில் ஒரு விதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்: மாஸ்டருக்கு உத்தரவு ஒரே வாயிலிருந்துதான் போக வேண்டும். அண்ணன் சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தால் அவரிடம் தனியாகச் சொல்லி அவர் வாயால் மாற்ற வையுங்கள். இரண்டு ஓனர் இரண்டு விதமாகச் சொல்லும் கம்பெனியில் ஆட்கள் இரண்டு அணியாகிவிடுவார்கள்.

வீட்டுக்காரரின் யோசனைக்குச் சுருக்கமான பதில். பார்ட்னராக இருந்துகொண்டே அதே தொழிலைப் போட்டியாக நடத்தினால், பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை அந்த லாபத்தைப் பார்ட்னர்ஷிப்புக்கே கணக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். விலகிய பிறகு செய்யலாம், அல்லது மூவரும் எழுத்தில் சம்மதித்துச் செய்யலாம். பத்து மெஷின் போட்டு அண்ணனுக்கே ஜாப் ஒர்க் செய்யலாம் என்று தோன்றினாலும் அதையும் பத்திரத்தில் ஏற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

எக்ஸ்போர்ட் கம்பெனி வேலை விஷயத்தில் ஒரு கணக்குப் பிழை வராமல் பாருங்கள். இங்கே 5,43,840 வருகிறது, மாதம் 45,000-க்குச் சமம் என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல. பங்கு நீங்கள் எங்கே வேலை பார்த்தாலும் வரும். ஒப்பிட வேண்டியது 35,000-ஐயும் 45,000-ஐயும்தான். மாதம் பத்தாயிரம் குறைவாக வாங்கிக்கொண்டு சொந்தக் கம்பெனியைக் கற்கப் போகிறீர்கள். ஒரு வருடத்துக்கு அது நியாயமான விலை என்பது என் கருத்து, ஷரத்தும் துறையும் எழுத்தில் கிடைத்தால். கிடைக்காவிட்டால் வேலைக்குப் போய்விடுங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை. வேலைக்குப் போனாலும், பார்ட்னராக இருக்கும்வரை கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமையை மட்டும் விடாதீர்கள். கம்பெனிப் பக்கம் வராத பார்ட்னருக்கும் கடன் பொறுப்பு குறையாது என்று முன்பே சொன்னேன்.

கையெழுத்துகள் போகும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் அப்பாவின் கேப்பிட்டல் கணக்கைப் பிரித்த தாளில் மூவரும். பிறகு திருத்திய பத்திரம். அதன் நகலை மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்த ரசீது கையில் வந்த பிறகு, 80 லட்சம் என்று தொகை குறித்த ஜாமீன் படிவத்தில் வங்கியில். எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்வதாகச் சொல்லி வையுங்கள், அதற்குள் முதல் இரண்டு கையெழுத்தும் முடிந்துவிடும்.